எச்சரிக்கைக்கும் தெருவுக்கும் நடுவே: சமூக ஊடகமும் பேரிடர் ஆயத்தமும்

2015 டிசம்பர் 1 அன்று தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை கொட்டியது. அன்றிரவு செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி உபரிநீர் அடையாற்றில் திறந்துவிடப்பட்டது. அடுத்த சில நாட்கள் மின்சாரமும் தொலைபேசியும் விட்டுவிட்டே வேலை செய்த சென்னையில், ட்விட்டரும் ஃபேஸ்புக்கும் வாட்ஸ்அப்பும் ஒரு மாற்றுக் கட்டுப்பாட்டு அறையைப் போல இயங்கின. படகு எங்கே, பால் எங்கே, தங்க இடம் எங்கே என்ற கேள்விகளுக்கு முன்பின் அறியாதவர்கள் பதில் சொன்னார்கள். அமெரிக்காவிலும் வளைகுடாவிலும் இருந்த தமிழர்கள் இரவெல்லாம் விழித்திருந்து கோரிக்கைகளைத் தொகுத்தார்கள். சமூக ஊடகம் உயிர் காக்கும் கருவி என்ற நம்பிக்கை தமிழ்நாட்டில் வேர் பிடித்தது அப்போதுதான்.

அந்த நம்பிக்கை பொய்யல்ல. ஆனால் அதிலிருந்து நாம் கற்ற பாடம் பாதிதான் சரி என்பதே இக்கட்டுரையின் வாதம். 2015-இல் சமூக ஊடகம் செய்தது மீட்புப் பணி. வெள்ளம் வந்த பிறகு செய்த பணி. வெள்ளத்துக்கு முன்பு மக்களை ஆயத்தப்படுத்துவது வேறு வேலை. அதற்கு எச்சரிக்கையைத் தெருவின் கணக்கில் சொல்லவேண்டும். தெரு நம்பும் வாயால் சொல்லவேண்டும். இந்த இடைப்பட்ட வேலைக்கு இன்றும் பொறுப்பாளர் யாருமில்லை.

அந்த ஏரித் திறப்பையே எடுத்துக்கொள்வோம். ஏரி திறப்பு பற்றிய அறிவிப்புகள் எப்போதும் கன அடியிலேயே வருகின்றன. நீர்வளத் துறைப் பொறியாளருக்கு 29,000 என்ற எண் ஒரு காட்சியையே கண்முன் நிறுத்தும். ஜாபர்கான்பேட்டையில் ஆற்றோரம் குடியிருப்பவருக்கோ அது வெறும் எண். தன் வீட்டு வாசற்படி மூழ்குமா, எத்தனை மணிக்கு மூழ்கும், ரேஷன் அட்டையையும் பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போவது என்பவைதான் அவருடைய கேள்விகள். கன அடியை வாசற்படியாக மாற்றிச் சொல்லாத எச்சரிக்கையை லட்சம் பேர் பகிர்ந்தாலும் அவருக்கு அது எச்சரிக்கை ஆகாது.

மாற்றிச் சொன்னாலும் போதாது. பேரிடர் எச்சரிக்கை பற்றிய ஆய்வில் டென்னிஸ் மிலெட்டியும் ஜான் சோரன்சனும் வலியுறுத்திய செய்தி ஒன்று உண்டு. எச்சரிக்கை கேட்டவுடன் மக்கள் கிளம்பிவிடுவதில்லை. அக்கம்பக்கத்தில் விசாரித்து, உறுதி செய்துகொண்ட பிறகே நகர்கிறார்கள். இதை அலட்சியம் என்று திட்டுவது தவறு. வீட்டைப் பூட்டிவிட்டுப் போவதன் இழப்பு அவர்களுக்குத்தான் தெரியும். வாட்ஸ்அப் குழு இந்த விசாரிப்பை வேகப்படுத்துகிறது, கூடவே குழப்பவும் செய்கிறது. 2015-இல் முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டன என்றும், நாசா மேலும் பெருமழையைக் கணித்துவிட்டது என்றும் பரவிய செய்திகள், உண்மையான செய்திகள் வந்த அதே குழுக்களில்தான் வந்தன.

மீட்புக் கோரிக்கைகளிலும் ஒரு கோளாறு இருந்தது. தெருப் பெயர், மாடி, தொடர்பு எண் எல்லாம் இருக்கும், நேரம் இருக்காது. “உடனே உதவி தேவை” என்ற வரி எப்போது எழுதப்பட்டது? வாட்ஸ்அப்பில் வந்த செய்தியை மற்றவருக்கு அனுப்பிவைத்தால், அனுப்பிவைத்த நேரம் தெரியுமே தவிர முதலில் எழுதிய நேரம் தெரியாது. மீட்கப்பட்டுக் கரையேறியவரின் கோரிக்கை மறுநாளும் சுற்றிக்கொண்டிருக்கும். அதைத் தேடி ஒரு படகு போகும். அந்தப் படகு உண்மையில் தேவைப்பட்ட வீடு காத்திருக்கும். 2018 ஆகஸ்டில் கேரளம் இதற்கு ஒரு வழி கண்டது. மாநில அரசும் தன்னார்வத் தொழில்நுட்பர்களும் சேர்ந்து நடத்திய ‘கேரளா ரெஸ்க்யூ’ தளத்தில் கோரிக்கைகள் ஒரே இடத்தில் குவிந்தன. தன்னார்வலர்கள் ஒவ்வொன்றையும் தொலைபேசியில் அழைத்துச் சரிபார்த்தார்கள். அப்படியும் ஆட்களைத் தூக்கி வந்தது மீனவர்களின் வள்ளங்கள்தாம் என்பதை மறக்கக்கூடாது.

நம்பகமான வாய் என்றால் என்ன என்பதற்குச் சமூக ஊடகம் பரவாத காலத்துச் சான்று ஒன்று இருக்கிறது. 2004 டிசம்பர் 26 அன்று, சிங்கப்பூரில் இருந்த ஊர்க்காரர் ஒருவர் புதுச்சேரிப் பகுதியிலுள்ள நல்லவாடு மீனவக் கிராமத்துக்குத் தொலைபேசியில் சுனாமி பற்றிச் சொன்னார். ஊரார் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அமைத்திருந்த தகவல் மையத்தைத் திறந்து, ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் தப்பினார்கள். தொலைவிலிருந்து வந்த செய்தி என்ற அளவில் இது இன்றைய வாட்ஸ்அப் செய்திக்குச் சமம். வேறுபாடு கடைசி நூறு கஜத்தில்தான். அது ஊர் ஏற்கெனவே பழகியிருந்த ஒலிபெருக்கி, ஊர் அறிந்த குரல். சாதாரண நாட்களில் புழங்கிய கருவியே அசாதாரண நாளில் நம்பப்பட்டது. வானிலைப் பதிவர் ‘தமிழ்நாடு வெதர்மேன்’ பிரதீப் ஜானின் பதிவுகளைப் புயல் நாட்களில் லட்சக்கணக்கானோர் தேடுவதற்கும் இதுவே காரணம் என்பது என் கணிப்பு. மழை இல்லாத நாளிலும் எழுதியவர் என்பதால்தான் மழை நாளில் அவரை நம்புகிறார்கள்.

இந்தக் கருவிகளின் எல்லையையும் மறைக்கத் தேவையில்லை. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் உருவானபோது குமரி மாவட்டத்தின் ஆழ்கடல் மீனவர்கள் கைப்பேசிக் கோபுரங்கள் எட்டாத தொலைவில் இருந்தார்கள். கரையில் எத்தனை பேர் பகிர்ந்தும் அவர்களுக்குப் பயனில்லை. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை பெய்தபோது தூத்துக்குடி மாவட்டத்தின் பல ஊர்களில் மின்சாரமும் தொலைத்தொடர்பும் அறுந்தன. வெளியூரிலிருந்து உறவினர்கள் விசாரித்த பதிவுகள் குவிந்தன. பதில் சொல்ல வேண்டிய ஊர் இருட்டில் கிடந்தது.

அரசின் அணுகுமுறை இரண்டு திசைகளில் போயிருக்கிறது. ஒன்று தண்டனை: 2005-ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 54-ஆம் பிரிவு, பீதி கிளப்பும் பொய் எச்சரிக்கைக்கு ஓராண்டு வரை சிறை விதிக்கிறது. மற்றொன்று செயலிகளும், கோபுரத்தின் எல்லைக்குள் இருக்கும் எல்லாக் கைப்பேசிகளிலும் ஒரே நேரத்தில் அலறும் எச்சரிக்கை முறையும். பின்னது பெரிய முன்னேற்றம், ஐயமில்லை. ஆனால் அலறிய கைப்பேசியைக் கையில் வைத்துக்கொண்டு மக்கள் திரும்பிப் பார்ப்பது பக்கத்து வீட்டை. அங்கே சொல்வதற்கு ஆள் வேண்டும். தாழ்வான பகுதிகளில் சிலரை முதல்நிலை மீட்பாளர்கள் என்று அரசு ஏற்கெனவே பட்டியலிட்டு வைத்திருக்கிறது. அவர்களை வார்டு வாட்ஸ்அப் குழுக்களில் பெயர் சொல்லி அமர்த்தி, கோடையிலும் தண்ணீர் லாரி, மின்தடை பற்றிப் பேசவைத்து, பெருமழையின்போது நேரமும் தெருவும் குறித்த செய்தியை மட்டும் வெளியிடும் பொறுப்பைக் கொடுக்கலாம். இதற்குப் புதிய செயலி எதுவும் தேவையில்லை.

தனியார் தளங்களை மட்டும் நம்பியிருப்பதன் ஆபத்தும் தெரிந்துவிட்டது. 2023-இல் ட்விட்டர் தன் பதிவுகளை ஆய்வாளர்கள் இலவசமாகத் திரட்டும் வாசலை மூடியது. அதே ஆண்டு பிப்ரவரியில் நிலநடுக்கம் தாக்கிய துருக்கியில், இடிபாடுகளில் தேடல் நடந்துகொண்டிருந்தபோதே அந்தத் தளத்துக்கான அணுகல் சில மணி நேரம் முடக்கப்பட்டது.

ஆகவே பதிவுகளை நாமே சேர்க்க வேண்டும். 2015-இல் தன்னார்வலர்கள் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தளத்தில் தண்ணீர் நின்ற தெருக்களை ஒவ்வொன்றாகக் குறித்தார்கள். வெள்ளம் வந்தபின் வரையப்பட்ட அந்தப் படத்தை ஏரித் திறப்பின் மணிக்கணக்கோடு பொருத்தினால், அது அடுத்த வெள்ளத்துக்கான முன்னறிவிப்பாக மாறும். இத்தனை கன அடி திறந்தால், இத்தனை மணி நேரத்தில், இந்தத் தெருவில் இடுப்பளவு. இந்தப் பட்டியல் ஒவ்வொரு வார்டு அலுவலகச் சுவரிலும் ஒட்டப்படவேண்டியது. அதற்கான சான்றுகள் இன்றும் மக்களிடம் இருக்கின்றன: கேட்டில் படிந்த சேற்றுக்கோடு, மாடிப்படியில் நின்று எடுத்த படம், அந்தப் படத்தில் பதிந்த நேரம். பழைய கைப்பேசிகள் எடைக்குப் போவதற்குள் மாநகராட்சியும் பல்கலைக்கழகங்களும் அந்தச் சான்றுகளை வீடு வீடாகக் கேட்டு வாங்கவேண்டும்; முதலில் அடையாற்றங்கரையில்.