இரண்டு நாள், ஒரு பந்து

கோவிந்தாபுரம் என்றால் தெரிந்தவர்களுக்குக்கூட செக்போஸ்ட்தான் ஞாபகம் வரும். பொள்ளாச்சியிலிருந்து கொல்லங்கோடு வழியாகத் திருச்சூர் போகிற பஸ்கள் அங்கே நின்று கிளம்பும். அதைத் தாண்டியதும் கடைப் பலகைகளில் எழுத்து மாறும், டீக்கடையில் பேசுகிற தமிழ் மாறாது. எங்கள் வீடு கோட்டுக்குக் கேரளப் பக்கம். ரேஷன் கார்டு கேரளம், சந்தை பொள்ளாச்சி, பெண் எடுப்பது கொடுப்பது உடுமலை வரைக்கும்.

இந்தப் பதிவு கிரிக்கெட் பற்றியது. கிரிக்கெட் பிடிக்காதவர்களும் கொஞ்சம் பொறுத்துப் படிக்கலாம், கதை கடைசியில் செக்போஸ்ட்டுக்கே வந்துவிடும்.

நான் பாஸ்டன் பக்கம் குடிவந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. மகன் இங்கேயே பிறந்தவன், செல்டிக்ஸ் பைத்தியம். ஒருநாள் சாப்பிடும்போது ஆரம்பித்தான். 1959 முதல் 1966 வரை செல்டிக்ஸ் தொடர்ந்து எட்டு வருடம் சாம்பியன், உலகத்தில் யாரும் இப்படி ஜெயித்ததில்லை என்றான். 'எங்கள் ஊரில் பதினைந்து' என்றேன். நம்பவில்லை. போனை எடுத்துப் பார்த்தான், பேசாமல் சாதத்தைப் பிசைந்தான். அப்புறம் ஒரு கேள்வி கேட்டான்: 'அந்த பம்பாய் டீம் நம்ம டீமாப்பா?'

இல்லை. நம்ம டீம் எது என்பதற்கு எனக்கு ஒரே வார்த்தையில் பதில் தெரியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பதினைந்து. ரஞ்சிக் கோப்பையில் 1958-59 பருவத்திலிருந்து 1972-73 வரை பம்பாயைத் தவிர யாரும் ஜெயிக்கவில்லை. நடுவில் ஒரு தலைமுறையே ஓய்வு பெற்றுவிட்டது. உம்ரிகர், நாட்கர்னி காலத்தில் தொடங்கி வடேகர், கவாஸ்கர், சோல்கர் காலத்தில் முடிகிறது. 1970-71-ல் வடேகர், சர்தேசாய், கவாஸ்கர், சோல்கர் எல்லோரும் இந்திய அணியோடு வெஸ்ட் இண்டீஸில் இருந்தார்கள். இந்தத் தடவையாவது விழுவார்கள் என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள். சுதீர் நாயக் தலைமையில் மிச்சம் இருந்தவர்களை வைத்தே இறுதி ஆட்டத்தில் மகாராஷ்டிராவை ஜெயித்தார்கள்.

பரிதாபம் என்றால் ராஜஸ்தான்தான். மேவார் மகாராணா ஆதரவு, சலீம் துரானி, ஹனுமந்த் சிங், பம்பாயில் வளர்ந்து அங்கே போன விஜய் மஞ்ச்ரேக்கர், இத்தனையும் இருந்தது. 1960-61-லிருந்து 1969-70 வரை பத்து வருடத்தில் ஏழு இறுதி ஆட்டம், ஏழிலும் பம்பாயிடம் தோல்வி. ஒரு கட்டத்தில் ரயில் டிக்கெட்டை முன்கூட்டியே ரிட்டர்னும் சேர்த்து எடுத்திருப்பார்கள் போல.

நம் பக்கத்துக் கதை 1973. அந்த வருட இறுதி ஆட்டம் சேப்பாக்கத்தில், தமிழ்நாட்டுக்கும் பம்பாய்க்கும். வெங்கட்ராகவன், வி.வி.குமார் இரண்டு பேரும் உச்சத்தில் இருந்த காலம். பந்து திரும்புகிற ஆடுகளம், சொந்த ஊர். என் பெரியப்பா அப்போது கோயமுத்தூரில் மில் வேலையில் இருந்தார். ஒரு வாரம் லீவு சொல்லிவிட்டு ரயிலேறி மெட்ராஸ் போனார்.

பம்பாய் முதல் இன்னிங்ஸில் 151-க்கு ஆல் அவுட். பெரியப்பா பக்கத்தில் இருந்தவருக்குக் கைகொடுத்தாராம். பிறகு பத்மாகர் ஷிவால்கர் என்கிற இடதுகைச் சுழல்பந்து வீச்சாளர் வந்தார். 16 ரன் கொடுத்து 8 விக்கெட். தமிழ்நாடு 80. நம் ஆட்கள் மறுபடியும் பம்பாயை 113-க்குச் சுருட்டினார்கள். ஜெயிக்க 185 வேண்டும். ஷிவால்கருக்கு இந்த முறை 18 ரன்னுக்கு 5 விக்கெட், தமிழ்நாடு 61. மூன்றாம் நாள் காலை முதல் பந்திலேயே ஆட்டம் முடிந்துவிட்டது. வெங்கட்டுக்கும் குமாருக்கும் என்று போட்ட களத்தில் வெளியூர்க்காரர் 34 ரன் கொடுத்து 13 விக்கெட் எடுத்துக்கொண்டு போனார்.

'டீ குடிக்கப் போனேன் கண்ணு, திரும்பி வந்தா ஸ்டம்பைப் புடுங்கிட்டுப் போறானுங்க' என்பார் பெரியப்பா. மிச்ச நாள் லீவில் மெரினாவைப் பார்த்தாராம். ஊர் டீக்கடையில் இந்தக் கதையை 'ரெண்டு நாள், ஒரு பந்து' என்று சொன்னால் போதும், கேட்கிறவர்களுக்கு மிச்சம் தெரியும்.

ஏன் பம்பாய் மட்டும்? திறமை என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். பம்பாய்க்காரர்களே அவர்களுடைய 'கடூஸ்' குணம் என்று பெருமையாகச் சொல்வார்கள், விட்டுக்கொடுக்காத முரட்டுத்தனம். உண்மைதான். ஆனால் அந்தக் குணத்துக்குச் சம்பளம் கொடுக்க ஆள் இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பள்ளிப் பையன்களுக்கு ஹாரிஸ் ஷீல்டு, ஜைல்ஸ் ஷீல்டு. மழைக்காலத்தில் ஈரக்களத்தில் ஆட 1948-ல் தொடங்கிய காங்கா லீக். அதைத் தாண்டினால் டாடா, ஏ.சி.சி., மஃபத்லால், நிர்லான், ஸ்டேட் பாங்க் என்று ஆபீஸ் டீம்கள், அவர்களுக்கு டைம்ஸ் ஷீல்டு. கிரிக்கெட் ஆடத் தெரிந்தவனுக்கு அந்த ஊரில் மாசச் சம்பளம் கிடைக்கும். வேறு எந்த ஊரிலும் இவ்வளவு வேலை இல்லை.

இன்னொரு காரணம் யாரும் அதிகம் பேசாதது, போட்டி அமைப்பு. மண்டலம் மண்டலமாக ஆடி, மண்டலத்துக்கு ஒரு அணிதான் மேலே போகும். 1970-71-ல்தான் இரண்டாவது இடத்துக்கும் வழி திறந்தார்கள். தென் மண்டலத்தில் மெட்ராஸ், மைசூர், ஹைதராபாத் மூன்றும் ஒன்றை ஒன்று வெட்டிக்கொண்டு ஒன்றே ஒன்று தப்பிப் போகும். போதாததற்கு, ஆட்டம் டிரா ஆனால் முதல் இன்னிங்ஸ் லீட் எடுத்தவர்களுக்கு வெற்றி. ஆழமான பேட்டிங் உள்ள அணிக்கு இதைவிட வசதி கிடையாது.

எங்கள் கேரளா? தென் மண்டலத்தில் எல்லோரும் புள்ளி சேர்த்துக்கொள்கிற இடம், அவ்வளவுதான். பாலன் பண்டிட் 1959-60-ல் ஆந்திராவுக்கு எதிராகப் பாலக்காட்டிலேயே 262 ரன் எடுத்து அவுட் ஆகாமல் நின்றார். ஒரு ஆள் அப்படி ஆடினால் ஒரு நாள் கைதட்டலாம், டீம் ஆகிவிடாது.

இதையெல்லாம் பையனிடம் சொன்னபோது அவன் அமெரிக்க ஞாயம் பேசினான். இங்கே இதற்கு மருந்து கண்டுபிடித்தது ரொம்பப் பழைய கதை. ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் உரிமையாளர் பெர்ட் பெல்லின் யோசனைப்படி 1936-ல் அமெரிக்கக் கால்பந்து லீகில் டிராஃப்ட் வந்தது. போன வருடம் கடைசியில் வந்த அணிக்கு இந்த வருடம் புதுப் பையன்களில் முதல் தேர்வு. பிறகு டி.வி. பணத்தைச் சமமாகப் பங்கு போட்டார்கள், 1994-லிருந்து சம்பளத்துக்கு உச்சவரம்பும் வைத்தார்கள். எதிராளி இருந்தால்தான் வியாபாரம் என்பது முதலாளிகளுக்குப் புரிந்திருந்தது. ஆனால் எங்கள் ஊர் பேட்ரியாட்ஸ் அத்தனை கட்டுப்பாட்டுக்குள்ளும் 2001-க்கும் 2018-க்கும் இடையில் ஆறு பட்டம் வாங்கியது. ஐ.பி.எல்.லும் ஏலமும் உச்சவரம்புமாகத்தான் 2008-ல் தொடங்கியது. 2025 வரை பதினெட்டுப் பட்டத்தில் பத்தைச் சென்னையும் மும்பையும் ஆளுக்கு ஐந்தாகப் பங்கு போட்டுக்கொண்டன. விதி போட்டால் எல்லாம் சமமாகிவிடும் என்பதில் எனக்கு நம்பிக்கை குறைவு.

பம்பாயின் ஓட்டம் நின்றதும் எந்த விதியாலும் அல்ல. 1973 நவம்பரில் மைசூர் மாநிலம் கர்நாடகா என்று பெயர் மாறியது. அதே பருவத்தில் பெங்களூர் அரையிறுதியில் விஸ்வநாத்தும் பிரிஜேஷ் படேலும் சதம் அடிக்க, பிரசன்னா கவாஸ்கரை போல்டு செய்ய, வடேகர் ரன் அவுட் ஆக, பம்பாய் லீட் இழந்து வெளியே போனது. பெயர் மாற்றிய முதல் வருடமே கோப்பை. இறுதி ஆட்டத்தில் தோற்றது யார் என்கிறீர்கள்? ராஜஸ்தான். பம்பாய் இல்லாத இறுதி ஆட்டத்திலும்!

பெரியப்பா அந்த வருடம் கர்நாடகா ஜெயித்ததைத் தான் ஜெயித்தது போலக் கொண்டாடினாராம். பம்பாய் பிறகு மும்பையாகி 2023-24 வரை 42 பட்டம் சேர்த்துவிட்டது. தமிழ்நாட்டுக்கு 1954-55, 1987-88 என்று இரண்டே இரண்டு. 2002-03, 2003-04 இரண்டு வருடமும் இறுதி ஆட்டத்தில் மும்பையிடமே தோற்றது.

இப்போது செக்போஸ்ட்டுக்கு வருகிறேன். என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்த ஒருவன் இடதுகை ஸ்பின் போடுவான். மாந்தோப்புக்குப் பக்கத்து மைதானத்தில் அவன் பந்தில் நான் அவுட் ஆன கணக்குக்கு எல்லை இல்லை. ஆடக் கற்றுக்கொண்டது பொள்ளாச்சி, கோயமுத்தூர் பக்கத்து டீம்களோடு. வயதுப் பிரிவுத் தேர்வுக்கு அந்தப் பக்கம் போனால் நீ கேரளா என்றார்கள். இந்தப் பக்கம் வந்தால் நீ எங்கே ஆடினாய், யாருக்கும் தெரியவில்லையே என்றார்கள். பத்தொன்பது வயதில் தேங்காய் வியாபாரத்துக்குப் போய்விட்டான். அவன் பெரிய ஆட்டக்காரன் ஆகியிருப்பான் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். டிராஃப்ட் பற்றிப் பையன் விளக்கியபோது எனக்கு இவன் ஞாபகம்தான் வந்தது. அங்கே கடைசி அணி தேடி வந்து ஆள் எடுக்கும். இங்கே ஆள் எந்தக் கோட்டுக்குள் பிறந்தானோ அந்த அணி.

அந்தக் கோடு 1956-ல் போட்டதுகூட இல்லை. எங்கள் சித்தூர் தாலுகா அதற்கு முன்பே கொச்சி சமஸ்தானம், பொள்ளாச்சி மெட்ராஸ் மாகாணம். கிரிக்கெட் வாரியம் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை, ராஜாவும் வெள்ளைக்காரனும் போட்ட கோட்டை அப்படியே எடுத்துக்கொண்டது.

ரஞ்சியில் நிஜமான மாற்றம் வந்தது 2000-க்குப் பிறகு. 2002-03-ல் மண்டலங்களை எடுத்துவிட்டு எலைட், பிளேட் என்று இரண்டு அடுக்கு ஆக்கினார்கள். டி.வி. பணம் சின்னச் சங்கங்களுக்கும் போய்ச் சேர்ந்தது. முக்கியமாக, வெளிமாநில ஆட்டக்காரர்களைச் சம்பளம் கொடுத்துக் கூட்டி வரும் வழக்கம் வளர்ந்தது. ராஜஸ்தான் 2010-11-ல் பிளேட் பிரிவிலிருந்து ஏறி வந்து முதல் கோப்பையை வாங்கியது. கேப்டன் புனேக்காரர் ஹ்ருஷிகேஷ் கனித்கர், தொடக்க ஆட்டக்காரர் டெல்லி ஆகாஷ் சோப்ரா. அடுத்த வருடமும் ராஜஸ்தான்தான், தோற்றது சேப்பாக்கத்தில் தமிழ்நாடு (நமக்கென்றே எழுதி வைத்திருக்கிறது). 2017-18-ல் விதர்பா முதல் தடவை ஜெயித்தபோது அணியில் இருந்தவர் மும்பையின் வாசிம் ஜாஃபர். ஆட்கள் கோட்டைத் தாண்ட ஆரம்பித்த பிறகுதான் கோப்பையும் தாண்டியது என்பது என் கணக்கு.

2024-25-ல் இது எங்கள் வீட்டுக்கே வந்தது. கேரளா காலிறுதியில் ஜம்மு காஷ்மீரைவிட ஒரே ஒரு ரன் லீட். அகமதாபாத் அரையிறுதியில் கேரளா 457, குஜராத் ஒன்பது விக்கெட்டுக்கு 455. எங்களுக்கு நள்ளிரவு தாண்டியிருந்தது. மறுநாள் ஆபீஸ் இருந்தும் நானும் பையனும் லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தோம். குஜராத் ஆள் ஓங்கி அடித்த பந்து ஷார்ட் லெக்கில் நின்ற சல்மான் நிசாரின் ஹெல்மெட்டில் பட்டு எகிறி ஸ்லிப்பில் கேப்டன் சச்சின் பேபி கையில் விழுந்தது. இரண்டு ரன் லீட். பந்து போட்டவர் ஆதித்ய சர்வதே, விதர்பாவிலிருந்து அந்தப் பருவத்தில்தான் கேரளாவுக்கு வந்தவர். இடதுகை ஸ்பின்.

போன் அடித்தது, அப்பா. எண்பத்தொன்று வயது. வாழ்நாள் முழுக்க மெட்ராஸ் கட்சி, கேரளா அணியை 'அவங்க' என்றுதான் சொல்வார். 'பாத்தியாடா, ஃபைனலுக்கு வந்துட்டோம்' என்றார். எப்போதிலிருந்து 'வந்துட்டோம்' என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை.

நாக்பூர் இறுதி ஆட்டத்தில் கேரளா 37 ரன் பின்தங்கியது. ஆட்டம் டிரா, மார்ச் 2-ஆம் தேதி கோப்பை விதர்பாவுக்கு. சச்சின் பேபி 98-ல் அவுட் ஆனதைப் பற்றி அப்பா இரண்டு நாள் புலம்பினார். மார்ச் 3-ஆம் தேதி மும்பையில் ஷிவால்கர் காலமானார், 84 வயது. முதல்தரப் போட்டிகளில் 589 விக்கெட் எடுத்தும் பேடி காலத்தில் பிறந்த பாவத்துக்கு ஒரு டெஸ்ட்கூட ஆடாதவர். அந்த இடத்தை ஒருவர் எடுத்துக்கொண்டால் இன்னொருவர் வெளியேதான்.

செய்தியை நான்தான் அப்பாவுக்குச் சொன்னேன். கொஞ்ச நேரம் போனில் சத்தமே இல்லை. 'உங்க பெரியப்பா இருந்திருந்தா இன்னைக்கு டீக்கடையை மூட விட்டிருக்க மாட்டாரு' என்றார். பிறகு, பையனிடம் கொடு என்றார். அவன் போனை வாங்கி ஸ்பீக்கரில் போட்டான். தாத்தா சேப்பாக்கத்தின் முதல் நாளிலிருந்து ஆரம்பித்தார்.