பெர்மாகல்ச்சரும் அடையாறும்

பெர்மாகல்ச்சர் (நிலைத்த வேளாண்மை) என்பது மண், நீர், மரம், வீடு ஆகியவற்றை ஒரே அமைப்பாகக் கருதி, காட்டின் இயல்பைப் பின்பற்றித் திட்டமிடும் முறை. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் பில் மாலிசன், டேவிட் ஹோம்கிரென் இருவரும் இதை வகுத்தனர். அவர்களின் ‘பெர்மாகல்ச்சர் ஒன்’ என்னும் நூல் 1978-ல் வெளிவந்தது. ஓடும் மழைநீரை மெதுவாக்கி, பரப்பி, மண்ணில் இறக்குவது இம்முறையின் அடிப்படைப் பாடம். ஏரியும் வரப்பும் கண்ட தமிழ்நாட்டுக்கு இதில் பெயர்தான் புதிது.

பாலை நகரில்

அமெரிக்காவின் அரிசோனா பாலையிலுள்ள டூசான் நகரில் ஆண்டுக்குச் சுமார் 300 மி.மீ. மழையே பெய்கிறது. அந்நகரைச் சேர்ந்த பிராட் லங்காஸ்டர் 1995-ல் ஜிம்பாப்வே சென்று, செபனையா ஃபிரி என்ற உழவரைச் சந்தித்தார். பாறைச் சரிவில் கற்சுவர்களும் குழிகளும் அமைத்து மழையை மண்ணுக்குள் சேமித்தவர் ஃபிரி. ஊர் திரும்பிய லங்காஸ்டர், தன் தெருவோரக் கற்கட்டை வெட்டி, சாலையில் ஓடிய நீரை மரக்குழிகளுக்குத் திருப்பினார். அன்று அது சட்டத்துக்குப் புறம்பானது. பின்னர் நகர நிர்வாகமே அம்முறையை ஏற்றது. அத்தெருக்களில் வளரும் மெஸ்கீட், நம் ஊர் சீமைக்கருவேலத்தின் உறவு. இங்கே வெட்டி ஒழிக்கப்படும் இனத்தின் காயை அங்கே மாவாக்கி உண்கிறார்கள்.

சென்னையில் அதைப்போல நான்கு மடங்குக்கும் அதிகமான மழை பெய்கிறது. இருந்தும் 2019 கோடையில் குடிநீர் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது.

ஆரோவில்

தமிழ்நிலத்தில் இவ்வகைப் பணிக்குப் பெரிய சான்று புதுச்சேரிக்கு அருகிலுள்ள ஆரோவில். 1968 பிப்ரவரி 28-ல் அது தொடங்கப்பட்டபோது, ‘பெர்மாகல்ச்சர்’ என்ற சொல்லே அச்சேறியிருக்கவில்லை. காடு அழிந்த செம்மண் மேடு அது. ஒவ்வொரு மழையிலும் மண் கரைந்து கடலுக்குப் போக, ஆழமான ஓடைப் பள்ளங்கள் உருவாகியிருந்தன. நிழல் அரிது. நட்ட கன்றை ஆடு மேயும். ஆடு விட்டதை வெயில் கருக்கும்.

முதல் வேலை மரம் நடுவது அல்ல, நீரை நிறுத்துவதே என்பதை அங்கு குடியேறியவர்கள் விரைவில் உணர்ந்தனர். சுற்றுவட்டாரக் கிராமத்தினரின் உழைப்போடு வயல்களைச் சுற்றி மண்வரப்புகளும் பள்ளங்களில் தடுப்பணைகளும் எழுந்தன. மண் ஈரம் பிடித்தபின், வேகமாக வளரும் ஆஸ்திரேலிய அக்கேசியா மரங்கள் நிழலுக்காக நடப்பட்டன. அவற்றின் அடியில் உள்நாட்டு இனங்கள் வளர்ந்தன. காசா, வீரை, கருங்காலி போன்ற கடலோர உலர் பசுமைக்காட்டு மரங்கள் அப்பகுதியில் பெரும்பாலும் கோயில்காடுகளில்தான் எஞ்சியிருந்தன. விதைகளும் அங்கிருந்தே வந்தன. சாமிக்குப் பயந்து வெட்டாமல் விட்ட மரங்களே புதிய காட்டுக்குத் தாயாயின. 2011 டிசம்பர் 30-ல் வீசிய தானே புயலில் அக்கேசியாக்கள் பெருமளவில் சாய்ந்தன.

அடையாற்றின் முகத்துவாரம்

ஆரோவிலின் பிச்சாண்டிக்குளம் காட்டில் பல ஆண்டுகள் பெற்ற அனுபவம் சென்னைக்கும் வந்தது. அடையாற்றின் கழிமுகத்தில் குப்பையும் கட்டட இடிபாடும் மூடிக்கிடந்த சதுப்புநிலத்தை மீட்கும் பணியில் பிச்சாண்டிக்குளம் குழுவினர் ஈடுபட்டனர். குப்பையை அகற்றி, நீர் வந்துபோக வழிசெய்து, உவர்மண்ணுக்கேற்ற செடிகளை நட்டனர். மீட்கப்பட்ட முதற்பகுதியான 58 ஏக்கர், 2011 ஜனவரியில் தொல்காப்பியப் பூங்கா என்ற பெயரில் திறக்கப்பட்டது.

ஆனால் இது ஆற்றின் கடைமடை. நீரை உயரத்திலேயே நிறுத்த வேண்டும் என்பதே ஆரோவில் கற்ற பாடம்.

அனகாபுத்தூர்

அடையாற்றின் மேற்பகுதியில், கரையோரமாக அமைந்த நெசவாளர் ஊர் அனகாபுத்தூர். வாழைநார் போன்ற இயற்கை இழைகளில் சேலை நெய்வதற்குப் பெயர்பெற்றது. 2021-ல் தாம்பரம் மாநகராட்சியில் இணைந்தது. ஊருக்குச் சற்று மேலே, திருநீர்மலைப் பகுதியில், செம்பரம்பாக்கம் ஏரியின் உபரிநீர் ஆற்றில் கலக்கிறது. ஆதனூர், முடிச்சூர்ப் பக்கத்து வெள்ளமும் இவ்வழியேதான் வரவேண்டும். அப்பகுதி ஏரிகளும் வாய்க்கால்களும் முன்பு ஒன்றின் உபரியை மற்றொன்று வாங்கும் சங்கிலியாக இருந்தன. வயல்கள் மனைகளானபோது அச்சங்கிலி பல இடங்களில் அறுந்தது.

2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவானது. செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்குச் சுமார் 29,000 கன அடி நீர் திறக்கப்பட்டது. அடையாறு கரை கடந்தது. டூசானில் ஓராண்டில் பெய்வதைவிட அதிகமான மழை, தாம்பரத்தில் ஒரே நாளில் பெய்திருந்தது. அதில் பெரும்பகுதி மண்ணில் இறங்காமல் கடலுக்குப் போனது.

அதன்பின் இப்பகுதியில் நடந்த சீரமைப்பு பெரும்பாலும் ஆற்றை அகலப்படுத்துவதையும் கரையை உயர்த்துவதையும் சார்ந்தது. 2025 மே மாதம் அனகாபுத்தூரின் ஆற்றோர வீடுகள் ஆக்கிரமிப்பு என இடிக்கப்பட்டன. பல்லாண்டுகளாகக் குடியிருந்தவர்கள் எதிர்த்தனர். அவர்களுக்கு வாரியத்தின் அடுக்குமாடிகளில் மாற்று வீடுகள் ஒதுக்கப்பட்டன.