கரிசல் நாட்டின் உணவு மாற்றம்: கொலஸ்டிராலும் இரத்த அழுத்தமும்

கொலஸ்டிரால், இரத்த அழுத்தம் ஆகிய இரண்டும் இன்று தமிழ்நாட்டில் ஊர்தோறும் பேசப்படும் சொற்கள். முற்காலத்தில் கிராமங்களில் இவற்றை அளந்து பார்த்தவர்கள் மிகக் குறைவு. ஆகவே, "முன்பெல்லாம் இந்த நோய்களே கிடையாது" என்று உறுதியாகச் சொல்ல இயலாது. ஆனால் உணவு மாறியது உறுதி. எந்த மாற்றம் உடலில் எதைப் பாதித்தது என்பதைத் தென்காசி மாவட்டம், சங்கரன்கோவில் வட்டத்திலுள்ள கரிவலம்வந்தநல்லூர்ப் பகுதியை முன்வைத்து இக்கட்டுரை விளக்குகிறது.

மானாவாரி உணவு

கரிவலம்வந்தநல்லூர் சங்கரன்கோவில்–இராசபாளையம் சாலையில் அமைந்த ஊர். குளத்துப் பாசனம் உள்ள வயல்களில் நெல் விளைந்தது. மழையை மட்டும் நம்பிய கரிசல் காடுகளில் கம்பு, சோளம், குதிரைவாலி, பருத்தி ஆகியவை விளைந்தன. எளிய குடும்பங்களுக்கு அன்றாட உணவு கம்மங்கஞ்சியும் சோளச்சோறும்தான். அரிசிச் சோறு பண்டிகை நாளுக்கும் விருந்துக்கும் உரியது. அதை "நெல்லுச்சோறு" என்று தனிப் பெயரிட்டு அழைத்ததே அதன் அருமையைக் காட்டும்.

உமி மட்டும் நீக்கிய சிறுதானியத்தில் தவிடு தங்கும். தவிட்டில் நார்ச்சத்து உண்டு. கரையும் தன்மையுள்ள நார்ச்சத்து குடலில் பித்தநீரைப் பற்றிக்கொண்டு கழிவுடன் வெளியேறுகிறது. இழந்த பித்தநீரை ஈடுகட்டக் கல்லீரல் இரத்தத்திலுள்ள கொலஸ்டிராலை எடுத்துக்கொள்கிறது. இதனால் கெட்ட கொழுப்பு எனப்படும் எல்.டி.எல். சற்றே குறைகிறது.

குன்னூரில் தொடங்கிய ஆய்வு

அரிசி உணவின் குறைகளைப் பற்றிய அறிவியல் ஆய்வு தமிழ்நாட்டிலும் நடந்தது. 1918-இல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில், ஓர் அறையில், இராபர்ட் மக்கேரிசன் பெரிபெரி நோயை ஆராயத் தொடங்கினார். தீட்டிய அரிசியில் பி1 உயிர்ச்சத்து குறைவதால் வரும் நோய் அது. அந்த ஆய்வுக்கூடம் 1958-இல் ஐதராபாத்துக்கு மாறியது. 1969-இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் எனப் பெயர் பெற்றது. அக்காலத்தின் கவலை பற்றாக்குறை நோய்களே. மிகுதியால் வரும் நோய்கள் பின்னரே கவனத்துக்கு வந்தன.

இரயில்வே ஊழியர் ஆய்வு

1967-இல் எஸ். எல். மல்கோத்ரா என்ற இரயில்வே மருத்துவர் பிரித்தானிய இதய மருத்துவ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார். இந்திய இரயில்வே ஊழியர்களின் இறப்புப் பதிவுகளை அவர் ஒப்பிட்டார். வட இந்தியர் நெய், பால் வழியாகத் தென்னிந்தியரைவிடப் பல மடங்கு கொழுப்பு உண்டனர். ஆனால் மாரடைப்பு இறப்பு தென்னிந்தியரிடமே ஏறத்தாழ ஏழு மடங்கு மிகுந்திருந்தது.

இதைக் கொண்டு "நெய் நல்லது" என்று முடிவு செய்துவிடக் கூடாது. இது வட்டாரங்களை ஒப்பிட்ட ஆய்வு. தனி மனிதர் ஒவ்வொருவரின் உணவையும் பின்தொடர்ந்ததன்று. ஆயினும் கொழுப்பின் அளவு ஒன்றே இதய நோயை விளக்கிவிடாது என்ற கேள்வியை அது எழுப்பியது.

அரிசியும் எண்ணெயும்

பசுமைப் புரட்சிக்குப் பின் நெல் விளைச்சல் பெருகியது. தமிழ்நாட்டு ரேசன் கடைகளில் 2008-இல் கிலோ ஒரு ரூபாய்க்கு அரிசி கிடைத்தது. 2011 முதல் விலையின்றி வழங்கப்படுகிறது. இது பசியைப் போக்கிய பெரும் பணி. அதே வேளையில், தீட்டிய அரிசி மூன்று வேளை உணவாயிற்று.

சென்னையில் 2001-இல் தொடங்கிய நகர்ப்புற–ஊரக நோய்ப்பரவல் ஆய்வு, நகர மக்களின் உணவு ஆற்றலில் ஏறத்தாழ பாதி தீட்டிய தானியத்திலிருந்து வருவதைக் காட்டியது. அதை மிகுதியாக உண்பவர்களிடம் டிரைகிளிசரைடு உயர்ந்தும், நல்ல கொழுப்பான எச்.டி.எல். குறைந்தும் இருந்தன. மல்கோத்ரா ஆய்வு எழுப்பிய கேள்விக்கு இது ஒரு பகுதி விடையாகலாம்.

எண்ணெயும் மாறியது. 1937-இல் "டால்டா" வனஸ்பதி சந்தைக்கு வந்தது. வனஸ்பதியிலுள்ள டிரான்ஸ் கொழுப்பு கெட்ட கொழுப்பை உயர்த்தி, நல்ல கொழுப்பைக் குறைக்கும். உணவு எண்ணெய்களில் அதன் அளவு 2022 சனவரி முதல் 2 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக் கூடாது என இந்தியா வரையறுத்துள்ளது. ரேசனில் கிடைக்கும் பாமாயிலில் ஏறத்தாழ பாதி நிறைவுற்ற கொழுப்பு. நல்லெண்ணெயில் அது ஏழில் ஒரு பங்குதான். நிறைவுற்ற கொழுப்பு மிகும்போது, கல்லீரல் இரத்தத்திலிருந்து எல்.டி.எல்.லை அகற்றும் வேகம் குறைகிறது.

மாறாத உப்பு

பழைய உணவு அனைத்தும் நல்லதென்று கொள்ள முடியாது. கஞ்சிக்குத் தொட்டுக்கொண்டவை கருவாடு, ஊறுகாய், மோர்மிளகாய், உப்புக்கண்டம். நாள் முழுதும் வெயிலில் உழைத்தவர் வியர்வையில் உப்பை ஓரளவு இழந்தார். உழைப்பு குறைந்த பின்னும் நாக்கு அந்த உப்பைக் கைவிடவில்லை. மேற்சொன்ன சென்னை ஆய்வில் ஒருவரின் சராசரி உப்பு நாளொன்றுக்கு 8.5 கிராம். உலக நலவாழ்வு அமைப்பு பரிந்துரைப்பது 5 கிராமுக்கும் குறைவு. அதாவது ஒரு தேக்கரண்டிக்குள். உப்பிலுள்ள சோடியம் உடலில் நீரைத் தேக்கி இரத்த அழுத்தத்தை உயர்த்துகிறது. காய், கனி, கீரை, பருப்பிலுள்ள பொட்டாசியம் சோடியத்தை வெளியேற்ற உதவுகிறது.

மாற்றினால் எவ்வளவு குறையும்?

1997-இல் அமெரிக்காவில் வெளியான "டேஷ்" ஆய்வு இதை அளந்து காட்டியது. 459 பேர் பங்கேற்ற இந்த ஆய்வில், ஒரு பிரிவினருக்கு எட்டு வாரங்கள் காய், கனி, கொழுப்பு குறைந்த பால் மிகுந்த உணவு தரப்பட்டது. வழக்கமான உணவு உண்டவர்களோடு ஒப்பிட, உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு மேல் அளவு 11.4, கீழ் அளவு 5.5 புள்ளிகள் குறைந்தன. உப்பைக் குறைக்காமலே கிடைத்த பலன் இது. உப்பையும் குறைத்தால் பலன் கூடும் என்று 2001-இல் வெளியான தொடர் ஆய்வு காட்டியது.

எனினும், உணவை மாற்றியவர்கள் மாத்திரையைத் தாமாக நிறுத்தக் கூடாது. சிறுநீரக நோயாளிகள் பொட்டாசியம் மிகுந்த உணவை மருத்துவரைக் கேட்டே உண்ண வேண்டும்.

இன்று

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தால் இரத்த அழுத்தச் சோதனையும் மாத்திரையும் வீட்டு வாசலுக்கு வருகின்றன. 2023 பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடப்பட்டது. நகரங்களில் தள்ளுவண்டியில் கம்மங்கூழ் விற்கப்படுகிறது. ஆனால் அதனுடன் தரப்படுபவை மோர்மிளகாய், ஊறுகாய், உப்பிட்ட வற்றல். கம்பின் நன்மையைத் தேடிச் செல்பவர் ஒரு வேளையிலேயே நாள் முழுதுக்குமான உப்பில் பெரும்பங்கை உண்டுவிடக்கூடும். முன்னோர் உணவிலிருந்து நாம் திரும்பப் பெற வேண்டியது தானியத்தை, உப்பை அன்று.