யூத மலையாளமும் மூவகை முதுமையும்

பெரியாறு ஆலுவாவை அடைந்ததும் இரண்டாகப் பிரிகிறது. மங்கலப்புழை எனப்படும் வடகிளை சாலக்குடியாற்றோடு கூடிக் கொடுங்கல்லூர்ப் பகுதியில் கடலை நாடுகிறது. மார்த்தாண்டவர்மக் கிளை எனப்படும் மற்றொன்று வராப்புழை வழியே கொச்சிக் காயலில் கலக்கிறது. வடகிளையை அடுத்துச் சேந்தமங்கலமும் பறவூரும், அவற்றுக்கும் வடக்கே மாளயும், காயற்கரையில் எறணாகுளமும் மட்டாஞ்சேரியும் அமைந்துள்ளன. 1950களின் நடுப்பகுதிவரை யூதர்கள் கூட்டமாக வாழ்ந்த ஊர்கள் இவையே. இவ்வூர்களில் அவர்கள் பேசிய மலையாளம் இன்று ஆய்வாளர்களால் 'யூத மலையாளம்' எனப்படுகிறது. அதனைப் பேசியோரில் பெரும்பாலோர் முதுமை எய்தியது இவ்வாற்றங்கரையில் அன்று. இஸ்ரேலின் வேளாண் சிற்றூர்களில். ஒரு மொழிவழக்கின் பழமைக்கும் அதனைப் பேசுவோரின் முதுமைக்கும் உள்ள தொடர்பை இச்சமூகத்தின் வரலாற்றைக் கொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

யூத மலையாளம் பற்றிய எழுத்துகளில் அடிக்கடி காணப்படும் கூற்று ஒன்று உண்டு. தமிழும் மலையாளமும் முற்றப் பிரிவதற்கு முன்பிருந்த கூறுகளை ஒலி, சொல், தொடர் ஆகிய மூன்றிலும் அது காத்து வைத்துள்ளது என்பதே அக்கூற்று. இது தமிழறிஞர்க்கு இனிப்பான செய்தி. அதனாலேயே சற்று நிதானித்துப் பார்க்க வேண்டிய செய்தியுமாகும். 'பழமை' என்னும் ஒரு சொல்லில் இங்கு மூன்று பொருள்கள் கலந்து கிடக்கின்றன. சமூகம் பழமையானது என்பது ஒன்று. தகவலாளர் முதியவர் என்பது மற்றொன்று. பேச்சு 1954ஆம் ஆண்டளவில் தாய்நிலத்திலிருந்து அறுபட்டு அந்நிலையிலேயே நின்றுவிட்டது என்பது மூன்றாவது. இம்மூன்றும் வெவ்வேறானவை.

முதலாவதற்குச் சான்று செப்பேடு. பாஸ்கர இரவிவர்மனின் 38ஆம் ஆட்சியாண்டில், ஏறத்தாழ கி.பி. 1000இல், முயிரிக்கோட்டிலிருந்து வழங்கப்பட்ட இச்செப்பேடு, இசுப்பு இரப்பான் என்பவருக்கு அஞ்சுவண்ண உரிமையையும் 72 வீடுபேறுகளையும் அளிக்கிறது. எழுத்து வட்டெழுத்து. மொழியைத் தமிழ் என்போரும் உண்டு, பழைய மலையாளம் என்போரும் உண்டு. மட்டாஞ்சேரிப் பரதேசிப் பள்ளியில் காக்கப்பட்டு வந்த இச்செப்பேடு யூதக் குடியிருப்பின் தொன்மைக்குச் சான்றாகுமேயன்றி யூதப் பேச்சின் தொன்மைக்குச் சான்றாகாது. அது அரசு ஆவணத்தின் நடை. அதனைப் பெற்றவர் வீட்டில் பேசிய நடையைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. சேந்தமங்கலத்தில் உள்ள 1269ஆம் ஆண்டின் கல்லறைக் கல்லும், கொச்சங்காடிப் பள்ளிக்குரிய 14ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக் கல்வெட்டும் எபிரேயத்தில் அமைந்தவை. ஆகவே யூத மலையாளத்தை நாடுவோர் கல்லையும் செம்பையும் விட்டுப் பெண்களின் பாட்டேடுகளையே நாட வேண்டியுள்ளது.

ஆண்கள் பள்ளியில் எபிரேயத்தில் வழிபட்டனர். மறைநூற் பகுதிகளைச் சொல்லுக்குச் சொல் மலையாளத்தில் பெயர்த்துரைக்கும் மரபும் இருந்தது. பெண்கள் மலையாளத்தில் பாடினர். திருமணச் சடங்குகளில் மணமகளைச் சூழ்ந்தும், விழா நாள்களிலும் அவர்கள் பாடியதை ஆண்களும் கேட்டிருந்தனர். பெண்ணின் பாட்டொலியை ஆண்கள் கேட்பதற்குத் தடை விதித்த பல யூதச் சமூகங்களிலிருந்து கொச்சிச் சமூகம் இதில் வேறுபட்டு நின்றது. மறைநூற் கதைகள், மணப்பாடல்கள், பள்ளிகள் கட்டப்பட்ட வரலாறு, பிற்காலத்தில் சியோன் பற்றிய பாடல்கள் எனப் பலவகைப்பட்ட இவை, மலையாள எழுத்தில் கையேடுகளில் எழுதப்பட்டு, தாயிடமிருந்து மகளுக்கும் பாட்டியிடமிருந்து பெயர்த்திக்கும் சென்றன. ஏட்டுக்கு ஏடு பாடவேறுபாடு மிகுதி. எழுதுவோர் காதால் கேட்டதை எழுதினர். பொருள் விளங்காத சொல்லையும் ஓசை கெடாமல் எழுதி வைத்தனர். ஓசைக்காகக் காக்கப்பட்ட சொல் பேச்சில் வழங்கிய சொல்லாக இருக்க வேண்டியதில்லை. தமிழில் ஒப்பாரியும் தாலாட்டும் தொகுத்தோர் இதனை நன்கறிவர்.

1948இல் கேரளத்தில் ஏறத்தாழ 2,500 யூதர்கள் இருந்தனர். 1953க்கும் 1955க்கும் இடையில் பரதேசிப் பிரிவினர் ஒரு சிலர் நீங்கலாகப் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தனர். யானைக்கால் நோய் பரவக்கூடும் என்னும் அச்சத்தால் இஸ்ரேலிய அதிகாரிகள் இவர்களது வருகையைச் சில ஆண்டுகள் தாமதப்படுத்தியதும் வரலாறு. வந்தவர்களுட் பலர் 'மோஷாவ்' எனப்படும் கூட்டுறவு வேளாண் சிற்றூர்களில் குடியமர்த்தப்பட்டனர். தெற்கே பாலைநிலத்தில் நெவாத்தீம், எருசலேம் குன்றுப் பகுதியில் மெசிலாத் சியோன், தாவோஸ், அவியேசெர், வடக்கே லெபனான் எல்லையருகே யுவால் என்பன அவற்றுட் சில. கடைவீதியும் துறைமுகமும் அறிந்திருந்தவர்கள் கோழிப் பண்ணையும் பூந்தோட்டமும் பயின்றனர். சிற்றூர் வாழ்க்கை மொழிக்கு ஒருவகையில் அரணாயிற்று. அண்டை வீட்டாரும் கொச்சியராக இருந்தமையால், நகரங்களில் சிதறியிருந்தால் ஒரு தலைமுறையில் முடிந்திருக்கக்கூடிய பேச்சு இங்கு முதியோரிடையே நீடித்தது. ஆயினும் பிள்ளைகளின் பள்ளியும் படைப்பணியும் எபிரேயம். பெற்றோர் மலையாளத்தில் கேட்க, பிள்ளைகள் எபிரேயத்தில் மறுமொழி கூறும் வீடுகள் உருவாயின. ஸ்காட்லாந்தின் கிழக்குச் சதர்லாந்து மீனவர் சிற்றூர்களில் நான்சி டோரியன் கண்டு 'குறைப்பேச்சாளர்' எனப் பெயரிட்ட வகையினர், கேட்டால் விளங்கிக்கொண்டு பேசத் தயங்குவோர், இங்கும் தோன்றினர்.

மட்டாஞ்சேரியில் நிகழ்ந்தது வேறு. பதினாறாம் நூற்றாண்டு முதல் வந்து குடியேறிய பரதேசி யூதர்களிடையே ஆங்கிலக் கல்வி முன்னதாகவே வீட்டுக்குள் நுழைந்தது. பெண்களின் மலையாளப் பாடல் மரபும் அங்கு முன்னதாகவே தளர்ந்தது. 2019ஆம் ஆண்டிலும் 2024ஆம் ஆண்டிலும் அப்பிரிவின் முதிய பெண்கள் இருவர் மறைந்தபோது கொச்சியின் யூத வரலாறே முடிவுக்கு வருவதாகச் செய்தித்தாள்கள் எழுதின. ஊரில் எஞ்சியவர்களே மொழியில் எஞ்சியவர்கள் என்று கருதுவது பிழை. பேச்சின் மையம் எழுபது ஆண்டுகளுக்கு முன்பே இடம்பெயர்ந்துவிட்டது. காயலுக்கு அப்பால் வைப்பீன் தீவில் வழங்கிய போர்த்துக்கீசியக் கிரியோலின் கதையை இதனோடு ஒப்பிடலாம். அது எங்கும் செல்லவில்லை. ஊரிலேயே முதிர்ந்து, 2010 ஆகஸ்டில் தன் இறுதிப் பேச்சாளருடன் அடங்கிற்று. ஒரே துறைமுகத்தின் இருகரை மொழிகளுள் ஒன்று இருந்த இடத்திலும் மற்றொன்று சென்ற இடத்திலும் முதுமையுற்றன.

இனித் தகவலாளர் பற்றிய சிக்கல். கிளைமொழியியல் தன் தொடக்கம் முதலே சிற்றூர் முதியவரை நாடிச் சென்ற துறையாகும். ஜில்லியெரோனின் பிரெஞ்சு மொழி நிலப்படத்துக்காக எட்மோன் சந்தித்த 700 பேரில் பெண்கள் 60 பேரே. 313 இடங்களில் நடந்த ஆங்கிலக் கிளைமொழி அளவாய்விலும் முதிய ஆண்களுக்கே முன்னுரிமை. ஊர்விட்டுப் பெயராத, முதிய, நாட்டுப்புற ஆண் என்னும் இவ்வகையினரை 1980இல் சேம்பர்சும் ட்ரட்கிலும் ஒரு சுருக்கப் பெயரால் குறித்தனர். பெயராதவர் பேச்சு கலப்பற்றது என்பதே இதன் அடிப்படை. யூத மலையாளத்தின் தகவலாளரோ முதியவர், நாட்டுப்புறத்தவர், ஆனால் பெண். அதுமட்டுமன்று, கடல் கடந்து பெயர்ந்தவர். மரபான அளவுகோல் இவரிடம் பாதிதான் பொருந்துகிறது. கேரளத்திலும் வ. அய். சுப்பிரமணியத்தின் வழிகாட்டலில் நடந்து 1974இல் வெளியான மலையாளக் கிளைமொழி அளவாய்வு ஈழவர், தீயர் பேச்சை எல்லையாகக் கொண்டது. யூதர் பேச்சை அவ்வகையில் அளப்பதற்கு அப்போது ஊரில் ஆளும் இல்லை.

பெயர்ந்த முதியவரின் பேச்சு எத்தகையது? 1954க்குப் பின் கேரளத்தில் மலையாளம் வெகுவாக மாறியது. 1956இல் மாநிலம் அமைந்தது. பொதுக்கல்வியும் நாளிதழும் வானொலியும் பொதுமொழியைப் பரப்பின. 1971இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்தது. இவற்றுள் எதுவும் நெவாத்தீமுக்குச் சென்று சேரவில்லை. ஆகவே ஒரு மூதாட்டியின் வாயில் இன்று 'பழைய' வடிவமாகத் தோன்றுவது, 1940களில் பறவூர் வட்டாரத்தில் எல்லாரும் இயல்பாக வழங்கிய வடிவமாக இருக்கலாம். அதனைப் பத்தாம் நூற்றாண்டோடு இணைப்பதற்கு முன், அதே வட்டாரத்துச் சிரியன் கிறித்தவர், மாப்பிள்ளை முஸ்லிம், ஈழவர் ஆகியோரின் முதியோர் பேச்சோடு ஒப்பிட்டாக வேண்டும்.

சான்றாகச் 'சாத்தம்' என்னும் சொல்லைக் கொள்ளலாம். இறந்தோர் ஆண்டு நினைவுச் சடங்குக்கு யூத மலையாளத்தில் வழங்கும் இச்சொல் வடமொழிச் 'சிராத்தம்' என்பதன் தற்பவம். மெய்ம்மயக்கம் நீங்கிய இவ்வடிவம் காதுக்கு மிகப் பழமையாகப் படும். ஆனால் இச்சொல் கேரளக் கிறித்தவரிடமும் உண்டு. எனவே இது யூதரின் தனிக்காப்பு அன்று. வடமொழி எழுத்தொலிக் கல்வி எட்டாத பல சமூகங்களுக்கும் பொதுவான வடிவமாகும். யூத வழிபாட்டிடத்தைக் குறிக்கும் 'பள்ளி'யும் அவ்வாறே. சமணர், பௌத்தர் உறைவிடங்களையும், 849ஆம் ஆண்டின் தரிசாப்பள்ளிச் செப்பேட்டில் கிறித்தவக் கோயிலையும், தமிழில் பள்ளிவாசலையும் குறித்த அச்சொல் யூதரிடம் பழமையாகத் தங்கியதன்று, எல்லாரிடமும் வாழ்ந்தது.

இதற்கு மாறாக, 'ஷாலோம் ஆயி' என்னும் தொடர் யூதருக்கே உரியது. 'இறந்தார்' என்பது பொருள். எபிரேயப் பெயரும் மலையாள வினையும் சேர்ந்த இத்தொடரை மொழிபெயர்ப்பாளர் 'அமைதியானார்' என்று பெயர்த்தால் சொல் வரும், பொருள் வராது. தமிழில் 'காலமானார்' என்பதும் இதே அமைப்புடையது: பெயர்ச்சொல்லோடு 'ஆ' என்னும் துணைவினை கூடி, சாவைச் சொல்லாமற் சொல்லும் இடக்கரடக்கல். இந்த அமைப்பு திராவிடச் சொத்து. அதில் எபிரேயம் வைக்கப்பட்ட பொருள். யூத மலையாளத்தின் தனித்தன்மையை ஒலிப் பழமையில் தேடுவதைவிட இத்தகைய கூட்டமைப்புகளில் தேடுவது பயன்தரும் எனக் கருத இடமுண்டு.

பாடல்களுக்குத் திரும்பினால், அவை ஆய்வுப்பொருளாக மாறியதே பாடுவோர் முதுமையுற்ற பின்னர்தான். 1970களில் பி. எம். ஜஸ்ஸே, ஷேர்லி ஐசன்பர்க், பார்பரா ஜான்சன் முதலியோர் ஏடுகளைத் தேடவும் பாடல்களைப் பதிவுசெய்யவும் தொடங்கினர். அப்போது இளம்பெண்களாக வந்தவர்கள் நடுவயதைக் கடந்திருந்தனர். இவ்வரலாற்றில் தனித்துக் குறிப்பிட வேண்டியவர் ரூபி டேனியல். 1912இல் கொச்சியில் பிறந்து, 1951இல் இஸ்ரேல் சென்று, வடபகுதியிலுள்ள நேயோத் மோர்தெகாய் கிப்புட்சில் வாழ்ந்தவர். அது கொச்சியர் குடியேற்றம் அன்று. சுற்றிலும் தம் மொழி ஒலிக்காத ஒரு வேளாண் சமூகத்தில், எழுபது வயதளவில், பாட்டியிடம் கேட்டு வளர்ந்த பாடல்களை ஆங்கிலத்தில் பெயர்க்கத் தொடங்கி, 120க்கு மேற்பட்டவற்றைப் பெயர்த்து முடித்தார். பார்பரா ஜான்சனுடன் இணைந்து அவர் எழுதிய தன்வரலாற்று நூல் 1995இல் வெளிவந்தது.

ரூபி டேனியலின் பணி மொழிபெயர்ப்பியலுக்கு ஓர் அரிய நிலையைக் காட்டுகிறது. இங்குத் தகவலாளரும் மொழிபெயர்ப்பாளரும் ஒருவரே. ஏட்டில் சிதைந்து கிடக்கும் சொல்லுக்கு அவர் தரும் ஆங்கிலம், சில இடங்களில் பாட்டியின் விளக்கமாகவும், சில இடங்களில் தம் ஊகமாகவும் இருத்தல் இயல்பு. மொழிபெயர்ப்பை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டையும் பிரிக்க முடியாது. ஸ்கறியா ஸக்கறியாவும் ஓஃபிரா கம்லியேலும் 2005இல் எருசலேமில் வெளியிட்ட 'கார்குழலி' தொகுப்பு மலையாள மூலத்தையும் எபிரேய மொழிபெயர்ப்பையும் சேர்த்துத் தந்தமையால் இக்குறை அங்குப் பெரிதும் நீங்கிற்று. கம்லியேலின் 2009ஆம் ஆண்டு முனைவர் பட்ட ஆய்வு இதே பாடல்களைப் பற்றியது. தமிழ் கற்றார் இவற்றை இன்னும் நெருங்கிப் படித்தால், கேரள ஆய்வாளர் 'பழவழக்கு' எனக் கொண்ட சில சொற்கள் குமரி, நெல்லை மாவட்டத் தமிழில் உயிரோடு இருப்பதைக் காணக்கூடும். அவ்வாறு காணின் பழவழக்கு என்னும் முத்திரையை மறுபரிசீலனை செய்ய நேரும்.

1954இல் 15 வயது நிரம்பியிருந்த ஒருவர் 2024இல் 85 வயதினர். கேரளத்திலேயே மொழியை முழுமையாகப் பெற்ற இறுதி அணி அதுவே; அதற்கு இளையோர் நினைவாற்பாடுவோர், பேசுவோர் அல்லர். இதுவரை கிடைத்துள்ள ஒலிப்பதிவுகளைப் பயன்படுத்துவோர் ஒவ்வொன்றுக்கும் பாடியவரின் பிறந்த ஊர், பிறந்த ஆண்டு, பெயர்ந்த ஆண்டு, பதிவு செய்த ஆண்டு என்னும் நான்கையும் அருகருகே எழுதிக்கொள்வது இன்றியமையாதது. சேந்தமங்கலத்தில் பிறந்து முப்பது வயதில் பெயர்ந்தவர் 1977இல் பாடியதும், மாளயில் பிறந்து எட்டு வயதில் பெயர்ந்தவர் 2004இல் பாடியதும் ஒரே பாட்டாக இருப்பினும் ஒரே சான்று ஆகா. முன்னவர் தாம் பேசிய மொழியில் பாடுகிறார். பின்னவர் தம் தாய் பேசிய மொழியில் பாடுகிறார்.