வெயிற்காப்புக் களிம்பின் வரலாறு

வெயிலில் தோல் கன்றிச் சிவப்பதற்கு வெப்பமே காரணம் எனப் பலரும் எண்ணுவர். அஃது உண்மையன்று. கண்ணுக்குப் புலனாகாத வேறொரு கதிரே அதற்குக் காரணமாகும்.

1801இல் செருமானிய அறிஞர் ரிட்டர், கதிரவன் ஒளியை முப்பட்டகத்தாற் பிரித்து, ஊதா நிறத்திற்கு அப்பால், ஒளியே தோன்றாத இடத்தில் வெள்ளிக் குளோரைடை வைத்தார். அது விரைந்து கறுத்தது. புற ஊதாக் கதிர் அறியப்பட்டது இவ்வாறே. அக்கதிரே தோலைச் சிவக்கச் செய்கிறது என்பதை 1889இல் சுவீடன் நாட்டு மருத்துவர் விட்மார்க் நிறுவினார். 1932இல் கோப்பன்ஹேகன் நகரிற் கூடிய அறிஞர்கள் அக்கதிரை அலைநீளம் நோக்கி ஏ, பி, சி என மூன்றாக வகுத்தனர். 'சி' கதிரை வளிமண்டலம் தடுத்துவிடும். நம்மை வந்தடைவன ஏனைய இரண்டே.

'பி' கதிர் மேல்தோலைச் சிவக்கச் செய்வதுடன், உயிரணுவின் மரபுப்பொருளையும் சிதைக்கும். 'ஏ' கதிரோ சிவப்பைப் பெரிதும் காட்டாது. ஆழச் சென்று உள்தோலின் நார்களைத் தளர்த்தும். சன்னற் கண்ணாடியையும் ஊடுருவும். நிலத்தை அடையும் புற ஊதாக் கதிரில் ஏறத்தாழ 95 விழுக்காடு இதுவே.

தொடக்கக் காலக் களிம்புகள் பெரும்பாலும் 'பி' கதிரையே தடுத்தன. புட்டியில் அச்சிட்ட காப்பு எண்ணும், தோல் சிவப்பதை எத்துணை மடங்கு தள்ளிப்போடும் என்பதையே குறித்தது. தோல் சிவக்கவில்லையே எனத் துணிந்து நெடுநேரம் வெயிலிற் கிடந்தோர், 'ஏ' கதிரை மிகுதியாக ஏற்றனர். காவல் நாயின் வாயைக் கட்டிவிட்டுக் கதவைத் திறந்து வைத்தது போலாயிற்று.

இக்குறை உணரப்பட்ட பின்னரே இருவகைக் கதிரையும் தடுக்கும் களிம்புகள் பெருகின. அவற்றுள் அவோபென்சோன் என்னும் வேதிப்பொருள் 'ஏ' கதிரை உறிஞ்சிக்கொள்ளும். துத்தநாக ஆக்சைடு இரண்டையும் தடுக்கும்.

இவற்றின் பயன் ஆஸ்திரேலியாவில் மெய்ப்பிக்கப்பட்டது. குவீன்ஸ்லாந்து மாநிலத்து நாம்போர் நகரில் 1992 முதல் 1996 வரை 1,621 பேரைக்கொண்டு ஓர் ஆய்வு நடந்தது. தம் விருப்பம்போற் பூசியோரைவிட, நாள்தோறும் பூசியோர்க்குச் செதிள்கலப் புற்றுக் கட்டிகள் ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்தன என்பது 1999இல் வெளியாயிற்று. தோல் மூப்பும் 24 விழுக்காடு குறைந்தது என 2013இல் அறிவித்தனர். 2011இல் அமெரிக்க அரசும், இருவகைக் கதிரையும் தடுப்பதாகப் புட்டியில் எழுதுவதற்குத் தனிச் சோதனை வேண்டும் என விதித்தது.

நம் கரிய தோலின் நிறமி ஓரளவு காக்கும், முற்றும் காவாது. ஆதலின் களிம்பு வாங்குவோர் எண்ணை மட்டும் நோக்காது, இருவகைக் கதிரையும் அது தடுக்குமா எனவும் நோக்குதல் வேண்டும். அளவுகோல் எதை அளக்கிறது என்று அறியாமல் அளவை நம்பலாகாது. மாணாக்கர்க்கு அறிவியல் கற்பிக்கும் நாம் இவ்வரலாற்றிலிருந்து கொள்ளத்தக்க பாடம் இதுவே.