கவசத் தொழில் (இந்தியா)

கவசத் தொழில் என்பது உலோகத் தகடு, வளையம், கம்பி ஆகியவற்றால் உடலைக் காக்கும் மெய்யுறை செய்யும் கைத்தொழில். போருக்கென்று வளர்ந்த இத்தொழில் இந்தியாவில் 19ஆம் நூற்றாண்டில் படைப்பயனை இழந்தது. ஆயினும் அற்றுப்போகவில்லை; செய்விப்போர்தாம் மாறினர். வீரனுக்கு அடுத்து அரச ஊர்வலமும் கோயிலும், இன்று அயல்நாட்டுப் பொழுதுபோக்குக் கலைஞர்களும் இதனை வாழவைக்கின்றனர்.

தொன்மை

அர்த்தசாஸ்திரம் படைக்கலச் சாலையைப் பற்றிச் சொல்லுமிடத்தில் இரும்பு வலைக் கவசத்தையும் தகட்டுக் கவசத்தையும், விலங்குத் தோலால் ஆனவற்றையும் தனித்தனியே குறிக்கிறது. அந்நூலின் காலம் பற்றி அறிஞரிடையே ஒருமித்த கருத்தில்லை. பதிற்றுப்பத்து சேர மன்னரைத் தம் வீரர்களுக்குக் கவசம் போன்றவர் என்று புகழ்கிறது. உறையூர் ஏணிச்சேரி முடமோசியாரின் புறநானூற்றுப் பாடலொன்றில், யானைமேல் வரும் சோழனின் கவசம் அம்பு பட்டுச் சிதைந்திருக்கிறது. அதைப் புலித்தோலால் ஆனது என்பது பொதுவாகக் கொள்ளும் பொருள். சங்க காலத்தில் இரும்புக் கவசம் எந்த அளவு வழங்கியது என்பதை இக்குறிப்புகளைக் கொண்டு உறுதி செய்ய இயலாது.

விசயநகரம்

1520ஐ ஒட்டி விசயநகரத்துக்கு வந்த போர்த்துக்கீசியர் தொமிங்கோ பாயஸ், அங்குக் கண்ட படை அணிவகுப்பை விரிவாக எழுதியுள்ளார். பல மடிப்புத் தோலில் இரும்புத் தகடு பதித்த அங்கிகளையும், பொன் முலாம் பூசிய தகடுகளையும் அவர் குறிப்பிடுகிறார். தென்னாட்டு வெப்பத்தில் பஞ்சு திணித்துத் தைத்த துணிக் கவசமும் பெருவழக்காக இருந்தது.

முகலாயரும் தக்காணமும்

16, 17ஆம் நூற்றாண்டுகளுக்குச் சான்றுகள் மிகுதி. அபுல் பசலின் ஆயினி அக்பரி, அக்பரின் படைக்கலச் சாலையில் இருந்த ஆயுதங்களையும் கவசங்களையும் விலையோடு பட்டியலிடுகிறது. ஓவியங்களும் எஞ்சிய கவசங்களும் அப்பட்டியலைப் புரிந்துகொள்ள உதவுகின்றன.

அக்காலத்தில் நான்கு வகைகள் முதன்மை பெற்றிருந்தன. முழுவதும் வளையங்களால் கோத்த சட்டை ஒன்று. மார்பிலும் முதுகிலும் சிறு தகடுகளை வைத்து, அவற்றை வளையங்களால் இணைத்த ‘ஜிரா பக்தர்’ இரண்டாவது. மார்பு, முதுகு, இரு விலாக்கள் ஆகியவற்றுக்குத் தனித்தனித் தகடு கொண்ட ‘சார் ஆயினா’ மூன்றாவது. மெத்தைத் துணியில் ஆணிகளை நெருக்கமாக அறைந்த ‘சில்தா ஹசார் மாஷா’ நான்காவது. தலைக்கு ‘தோப்’ எனும் சீராவும், முன்கைக்கு ‘தஸ்தானா’வும் உடன் வழங்கின. ஐரோப்பிய வீரனின் முழுத் தகட்டுக் கவசம் பெரும்பாலும் 20 முதல் 25 கிலோ எடை கொண்டது. தலை முதல் கால் வரை உடலைத் தகட்டால் மூடும் அம்முறை இந்தியாவில் பரவவில்லை. வெப்பமும், குதிரைமேல் உடலை வளைத்துப் போரிடும் முறையும் இதற்குக் காரணம் என்பர்.

வளையச் சட்டை பொறுமையின் வேலை. இரும்புக் கம்பியை ஒரு தண்டின்மேல் நெருக்கமாகச் சுற்றி, நீளவாக்கில் வெட்டினால் வளையங்கள் உதிரும். ஒவ்வொரு வளையத்தின் இரு முனைகளையும் ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி, தட்டித் தட்டையாக்கி, துளையிட்டு, குறு ஆணி இறுக்க வேண்டும். ஒவ்வொன்றும் அண்டை வளையங்கள் நான்கின் ஊடே செல்ல வேண்டும். ஒரு சட்டைக்கு இப்படிப் பல்லாயிரம் வளையங்கள் தேவைப்படும். தக்காணத்தைச் சேர்ந்தவை எனக் கருதப்படும் சில சட்டைகளில், நடுவே குறுக்குக் கம்பி ஓடும் வளையங்கள் ஒரு வரிசையும் ஆணி இறுக்கிய வளையங்கள் மறு வரிசையுமாக மாறி மாறி வருகின்றன. கூர்முனை ஆயுதம் புகுவதைத் தடுக்கவே இக்குறுக்குக் கம்பி என்று கொள்வாரும், வெறும் அழகுக்கே என்பாரும் உண்டு. எதற்காயினும், விரல்நுனி அளவுகூட இல்லாத வளையத்துக்குள் ஒரு கம்பியை நிறுத்திய கை தேர்ந்த கை என்பதில் ஐயமில்லை.

இவ்வகைக் கவசங்கள் பல பீக்கானேர் ஜூனாகர் கோட்டையிலிருந்து வந்தவை. ஔரங்கசீப்பின் படையில் இருந்த பீக்கானேர் மன்னர் அனூப் சிங், பீஜப்பூரின் பிடியிலிருந்த ஆதோனிக் கோட்டை வீழ்ந்தபோது இவற்றைக் கைப்பற்றினார். இச்செய்தி சில கவசங்களில் புள்ளி எழுத்துகளாகப் பொறிக்கப்பட்டுள்ளது. கோட்டை வீழ்ந்த ஆண்டு 1689 என்றும் 1691 என்றும் இருவிதமாகக் கூறப்படுகிறது.

யானைக் கவசம்

இந்தியக் கவசங்களுள் உலகெங்கும் அறியப்பட்டது, இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ராயல் ஆர்மரீஸ் அருங்காட்சியகத்தில் உள்ள யானைக் கவசம். 1600ஐ ஒட்டிய முகலாயப் பட்டறை வேலை என்று கருதப்படுகிறது. எட்டுப் பகுதிகளில் ஆறே எஞ்சியுள்ளன. இப்போதுள்ள தகடுகள் 5,840. எடை 118 கிலோ. முழுமையாக இருந்தபோது 8,439 தகடுகளும் 159 கிலோ எடையும் இருந்திருக்கும் எனக் கணக்கிட்டுள்ளனர். சிறு தகடுகளுக்கு இடையிடையே பதித்த சதுரத் தகடுகளில் யானை, தாமரை, மீன் முதலிய உருவங்கள் புடைத்து நிற்கின்றன. யானை அணியும் கவசத்தில் யானையையே பொறித்த கம்மியரின் நகைச்சுவையை எண்ணிப் பார்க்கலாம்.

1757இல் பிளாசிப் போரில் ராபர்ட் கிளைவ் கைப்பற்றியது இது என்ற கதை நெடுங்காலம் வழங்கியது. ஆனால் அவருடைய மருமகளும், சென்னை ஆளுநர் எட்வர்ட் கிளைவின் மனைவியுமான ஹென்ரியெட்டா 1801இல் இதை இங்கிலாந்துக்குக் கொண்டுசென்றார் என்பதே இன்று பெரிதும் ஏற்கப்படுகிறது. அவர் தென்னாட்டில் சுற்றுப்பயணம் செய்தவர். கவசம் அவர் கைக்கு வந்த விதம் தெளிவாகவில்லை.

படைப்பயன் இழப்பு

துப்பாக்கியின் முன் கவசம் பின்வாங்கியது. 18, 19ஆம் நூற்றாண்டுச் சட்டைகள் பலவற்றில் வளைய முனைகள் ஆணி இறுக்கப்படாமல் வெறுமனே ஒட்டி நிற்கின்றன. இரும்பு, செம்பு, பித்தளை வளையங்களைக் கலந்து கட்டம் கட்டமாக அமைத்த இவை அணிவகுப்புக்கே ஏற்றவை. தஞ்சை மராத்திய அரசின் கடைசி மன்னர் சிவாஜி 1855இல் வாரிசின்றி இறந்தபின், அரண்மனைப் படைக்கலங்களில் ஒரு பகுதி சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தை அடைந்தது. பெரும்பகுதி பழைய இரும்பாகக் கழிந்தது.

1903ஆம் ஆண்டு டெல்லி தர்பாரில் சமஸ்தானப் பரிவாரங்கள் சங்கிலிக் கவசம் அணிந்து வலம் வந்தன. டெல்லியில் இன்று கவசங்களைக் காண விரும்புவோர், ஜன்பத்தில் உள்ள தேசிய அருங்காட்சியகத்தின் படைக்கலக் கூடத்துக்குச் செல்லலாம்.

திருமேனிக் கவசம்

தமிழ்நாட்டில் தகட்டுக் கவசத் தொழில் கோயில்களைச் சார்ந்து நிலைத்தது. மூர்த்திக்கு அளவெடுத்து, செம்பு, வெள்ளி அல்லது பொன் தகட்டை அரக்கின்மேல் வைத்து உளியால் புடைத்து உருவம் எடுக்கின்றனர். திருவொற்றியூரில் ஆதிபுரீசுவரர் ஆண்டு முழுதும் கவசத்துக்குள் இருக்கிறார். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாட்கள் மட்டுமே கவசம் களையப்படும். மனிதருக்கான நினைவிடத்திலும் இவ்வழக்கம் நுழைந்துள்ளது. பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் சிலைக்கு 2014இல் 13 கிலோ தங்கக் கவசம் சாத்தப்பட்டது. அது வங்கிப் பெட்டகத்தில் வைக்கப்பட்டு, குருபூசைக்கு வெளியே எடுக்கப்படுகிறது.

பொழுதுபோக்குக் கலை

இடைக்கால ஐரோப்பியக் கவசத்தை விருப்பத்துக்காக அணியும் வழக்கத்துக்கு 1839இல் ஸ்காட்லாந்தில் நடந்த எக்ளிண்டன் போட்டியை ஒரு தொடக்கமாகச் சொல்வர். மழை அவ்விழாவைக் குலைத்துவிட்டது. 1966இல் கலிபோர்னியாவின் பெர்க்லியில் தொடங்கிய ‘சொசைட்டி ஃபார் கிரியேட்டிவ் அனாக்ரோனிசம்’ அமைப்பு, பிரம்பு ஆயுதங்களோடு மோதும் விளையாட்டை வளர்த்தது. தலைக்கவசம் குறைந்தது 16 கேஜ், அதாவது ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர் எஃகால் இருக்க வேண்டும் என்ற அதன் விதி, பலரை வீட்டுக் கொல்லைப்புறத்தில் பட்டறை போட வைத்தது. பிரையன் பிரைஸ் 2000இல் வெளியிட்ட செய்முறை நூல் இவர்களுக்குக் கைநூலாயிற்று.

தொழில்முறை எளிமையானது. மரக்கட்டையில் குழி தோண்டி, அதில் தகட்டை வைத்து உருண்டைத் தலைச் சுத்தியலால் அடித்துக் குழிப்பது ஒரு வழி. இரும்பு முளையின்மேல் வைத்து வெளிப்புறம் அடித்து உயர்த்துவது இன்னொன்று. அடித்த இடம் இறுகும்போது காய்ச்சி இளக்குவர். பின் சுத்தியல் தழும்பு மறையத் தட்டிச் சமன்செய்து, விளிம்பை மடித்து, தோல்வாரை ஆணியால் பொருத்துவர். கும்பகோணத்துப் பாத்திரத் தொழிலாளிக்கு இதில் புதிதாகக் கற்பிக்க அதிகமில்லை.

வளையச் சட்டை மட்டும் ஆர்வலர்களைக் களைப்படையச் செய்தது. அந்த வேலை இந்தியாவுக்கு வந்தது. கூர்க்கா வீரர்களுக்குக் குக்ரி செய்ய 1943இல் டேராடூனில் தோன்றிய விண்ட்லாஸ் ஸ்டீல்கிராஃப்ட்ஸ், பிற்காலத்தில் வாள், கவச நகல்களை மேலைநாடுகளுக்கு அனுப்பும் பெரிய நிறுவனங்களுள் ஒன்றாயிற்று. மீரட்டின் டீபிகா நிறுவனம் உரோமானியப் படைக்கவச நகல்களால் அறியப்பட்டது. ரூர்க்கியிலும் பல சிறு பட்டறைகள் தலைக்கவசம் செய்து ஏற்றுமதி செய்கின்றன. உரோம வீரனாகவும் ஆங்கிலேய நைட்டாகவும் வேடமிடும் அயல்நாட்டார் பலர் அணிவது கங்கைச் சமவெளியில் அடித்த இரும்பு. இப்பட்டறைத் தொழிலாளரின் பெயர்களோ பயிற்சி முறையோ நூல்களில் அரிதாகவே இடம்பெறுகின்றன.

அண்மைக்காலம்

முழுக் கவசம் அணிந்து எஃகு ஆயுதங்களோடு மோதும் பன்னாட்டுப் போட்டி 2010இல் உக்ரைனின் கோத்தின் கோட்டையில் தொடங்கியது. இந்தியாவில் இப்பொழுதுபோக்கு இன்னும் அரும்பு நிலையில் உள்ளது. கவசத்தின்மேல் பொற்கம்பி பதிக்கும் உதய்ப்பூர் கோஃப்த்கரி வேலை 2023இல் புவிசார் குறியீடு பெற்றது.