தலைமேல் வரும் குரு

சீக்கியர்களின் ஐந்தாம் குரு அர்ஜன், அமிர்தசரஸிலிருந்து பியாஸ் ஆற்றங்கரையிலுள்ள கோயிந்த்வாலுக்குப் போனார். தமக்கு முந்தைய குருமார்களின் பாடல்கள் எழுதப்பட்ட சுவடிகள் அங்கே, மூன்றாம் குரு அமர்தாஸின் மகன் மோகனிடம் இருந்தன. கேட்டு வாங்கி வரச் சொல்லி முன்பு அனுப்பப்பட்டவர்கள் வெறுங்கையோடு திரும்பியிருந்தார்கள். குருவே நேரில் போய் மோகனின் மாடி வீட்டுக்குக் கீழே, தெருவில் உட்கார்ந்து பாடினார். மோகன் மனமிளகி இறங்கி வந்து சுவடிகளைக் கொடுத்தார் என்கிறது மரபு. அவற்றைப் பல்லக்கில் ஏற்றிவிட்டு, குரு வெறுங்காலோடு பக்கத்தில் நடந்தே ஊர் திரும்பினாராம். சுவடி பல்லக்கில், குரு தரையில். அன்று தொடங்கிய அந்த முறை நானூறு ஆண்டுகள் கடந்தும் மாறவில்லை.

அமிர்தசரஸில் ராம்சர் குளக்கரையில் தொகுப்பு வேலை நடந்தது. குரு சொல்லச் சொல்ல பாய் குர்தாஸ் எழுதினார். ஆறாண்டு, பத்தாண்டு என்று நிலைக்கிற நூலாக அல்லாமல், இனி வரும் எல்லாத் தலைமுறைக்குமாக ஒரு நூல் வேண்டும் என்பது குருவின் எண்ணம். அதனால் எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்பதில் அவர் மிகவும் கண்டிப்பாக இருந்தார். ஆனால் யாருடைய குரலைச் சேர்ப்பது என்பதில் அவருக்கு எந்தத் தடையும் இல்லை. குருமார்களின் பாடல்களோடு காசி நெசவாளி கபீரும், செருப்புத் தைக்கும் குலத்தில் பிறந்த ரவிதாஸும், மராட்டிய நாட்டு நாமதேவரும், நாவிதர் சைனும், இறைச்சி விற்ற சதனாவும், உழவர் தன்னாவும், பாகபட்டணத்து சூஃபி ஞானி ஷேக் ஃபரீதும் அதில் இடம் பெற்றார்கள். கிழக்கே ஜெயதேவர், மேற்கே திரிலோசனர். பாடல்கள் பண் வாரியாக அடுக்கப்பட்டன. ஒவ்வொரு பண்ணிலும் குருமார்கள் முதலில், பக்தர்கள் அடுத்து. ஆனால் எல்லாம் ஒரே அட்டைக்குள்.

1604-இல் எழுத்து முடிந்தது. ராம்சரிலிருந்து புதிதாகக் கட்டப்பட்ட ஹர்மந்திர் சாகிபுக்கு, அதாவது இன்று நாம் பொற்கோயில் என்கிற இடத்துக்கு, நூலின் முதல் ஊர்வலம் புறப்பட்டது. பாபா புத்தா அதைத் தலையில் சுமந்தார். சிறுவனாக இருந்தபோது முதல் குருவான குருநானக்கையே நேரில் கண்டவர் அவர். இப்போது தொண்ணூறைத் தாண்டிய கிழவர். அவருக்குப் பின்னால் சாமரம் வீசிக்கொண்டு நடந்தவர் குரு அர்ஜன். அன்றிரவு நூல் கட்டிலில் துயின்றது, குரு அதன் அருகே தரையில் படுத்தார். பாபா புத்தாவே அதன் முதல் கிரந்தி, அதாவது நூலைக் காத்து வாசிப்பவர், ஆனார்.

இரண்டே ஆண்டுகளில், 1606-இல், குரு அர்ஜன் லாகூரில் சித்திரவதை செய்யப்பட்டு உயிர் நீத்தார். அதன்பின் நூலுக்கும் நிம்மதி இல்லை. ஆறாம் குரு ஹர்கோவிந்தரின் காலத்தில் அது ஜலந்தருக்கு அருகிலுள்ள கர்த்தார்பூருக்குப் போனது. ராவி ஆற்றங்கரையில், இன்று பாகிஸ்தானில் இருக்கிற கர்த்தார்பூர் வேறு. குரு கிரத்பூருக்கு இடம் மாறியபோது, நூல் அவருடைய பேரன் தீர்மல்லின் கையில் தங்கிவிட்டது. குரு பதவிக்கு ஆசைப்பட்டவர் அவர். நூல் தன்னிடம் இருந்தால் பதவியும் தன்னைத் தேடி வரும் என்று நம்பினார். ஒன்பதாம் குரு தேக்பகதூரின் சீடர்கள் ஒருமுறை அதைப் பறித்து வந்தபோது, பலவந்தமாக எடுத்தது நமக்கு வேண்டாம் என்று குரு திருப்பிக் கொடுக்கச் சொன்னார். அந்த மூலப் பிரதி இன்றும் கர்த்தார்பூரில், தீர்மல் வழிவந்த சோதி குடும்பத்தாரிடம்தான் இருக்கிறது.

மூலப் பிரதி இருக்கிற இடத்தில்தான் குரு இருப்பார் என்ற கணக்கு அங்கே உடைந்தது. பத்தாம் குரு கோவிந்த் சிங், பாய் மணி சிங்கை எழுத வைத்துப் புதிய பிரதி ஒன்றை உருவாக்கினார். தன் தந்தை தேக்பகதூரின் பாடல்களை அதில் சேர்த்தார். 30 பண்களோடு ஜைஜவந்தி சேர்ந்து 31 ஆயிற்று. பஞ்சாபின் தல்வண்டி சாபோவில், இன்றைய தம்தமா சாகிபில், அது நிறைவு பெற்றது என்பது மரபு. 1708-இல் கோதாவரிக் கரையில் நாந்தேட்டில் உயிர் பிரியும் முன், இனி மனிதர் யாரும் குரு இல்லை, இந்த நூலே குரு என்று அவர் அறிவித்தார். அன்று முதல் அது குரு கிரந்த் சாகிப். அடுத்த அரை நூற்றாண்டு சீக்கியர்கள் காட்டிலும் மலையிலும் வேட்டையாடப்பட்ட காலம். கிரந்தமும் அவர்களோடு குதிரையில் அலைந்தது. 1762-இல் ஆப்கானிய அரசர் அகமது ஷா துரானியின் படை பல்லாயிரம் சீக்கியர்களைக் கொன்று குவித்தபோது, தம்தமா மூலப் பிரதியும் தொலைந்தது என்கிறார்கள். ஆனால் அதற்குள் அதைப் பார்த்து எழுதிய பிரதிகள் பல ஊர்களுக்குப் போயிருந்தன. மூலத்தை இழந்தும் குருவை அவர்கள் இழக்கவில்லை.

இன்றைய குரு கிரந்த் சாகிப் 1430 பக்கம் கொண்டது. எந்தப் பிரதியை எடுத்தாலும் ஒரே பக்கத்தில் ஒரே வரி. அது அச்சாவது அமிர்தசரஸில், அதே ராம்சர் குருத்வாராவின் நிலவறையில். குரு சொல்லி குர்தாஸ் எழுதிய இடத்திலேயே இப்போது இயந்திரம் ஓடுகிறது. அச்சில் பழுதான தாள்களைக் குப்பையில் போடுவதில்லை. சுவடிகள் பல்லக்கேறிப் புறப்பட்ட அதே கோயிந்த்வாலுக்கு அவற்றைக் கொண்டுபோய், மனித உடலைப் போலத் தகனம் செய்கிறார்கள்.

பிரதி எங்கே போனாலும் போகிற விதம் ஒன்றுதான். பட்டுத் துணிகளில் சுற்றி, தலைப்பாகைமேல் சுத்தமான துணியொன்றை மடித்து வைத்து, அதன்மேல் ஏற்றுவார்கள். சுமப்பவர் காலில் செருப்பு இருக்காது. முன்னால் ஒருவர் தண்ணீர் தெளித்துக்கொண்டே போவார், பின்னால் ஒருவர் சாமரம் வீசுவார். கனமான நூல், கழுத்தை நேராக நிறுத்தித்தான் நடக்க முடியும். வேகமாகப் போக முடியாது, பராக்குப் பார்க்க முடியாது. 2021 ஆகஸ்டில் காபூலை விட்டு வெளியேறிய சீக்கியர்கள் மூன்று பிரதிகளை விமானத்தில் தில்லிக்குக் கொண்டு வந்தார்கள். எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடி வந்தவர்கள், இந்த மூன்றையும் விடவில்லை.

இந்த நூல் ஏறிய உயரங்களில் முக்கியமானது ஹேம்குண்ட். உத்தராகண்டின் சமோலி மாவட்டத்தில், 4,000 மீட்டருக்கும் மேலே, ஏழு சிகரங்கள் சூழ்ந்த ஒரு பனி ஏரி. முற்பிறவியில் ஏழு சிகரங்களுக்கு நடுவே ஹேமகுண்டத்தில் தவம் செய்ததாகக் குரு கோவிந்த் சிங்கின் பெயரில் உள்ள பச்சித்தர் நாடக் சொல்கிறது. ஆனால் அந்த இடம் எதுவென்று நெடுங்காலம் யாருக்கும் தெரியவில்லை. 1884-இல் பண்டிட் தாரா சிங் நரோத்தம் சீக்கியத் தலங்களைப் பற்றிய தன் நூலில் அதைக் குறித்தார். பிறகு பஞ்சாபி எழுத்தாளர் பாய் வீர் சிங் எழுதியதைப் படித்து, ராணுவத்தில் கிரந்தியாக இருந்து ஓய்வு பெற்ற சோகன் சிங் தேடக் கிளம்பினார். பத்ரிநாத் வழியிலுள்ள பாண்டுகேசுவரம்வரை போய் விசாரித்தபோது, லோக்பால் என்று ஊர்க்காரர்கள் நீராடப் போகும் ஏரி ஒன்று மேலே இருப்பதை அறிந்தார். 1934-இல் அதன் கரையில் நின்று எண்ணிப் பார்த்தார். சுற்றிலும் ஏழு சிகரங்கள்.

பாய் வீர் சிங் 2,100 ரூபாய் திரட்டிக் கொடுத்தார். ராணுவப் பொறியாளர் படையைச் சேர்ந்த ஹவில்தார் மோதன் சிங் துணைக்கு வந்தார். பியூண்டார் கிராமத்து மக்கள் தோள் கொடுத்தார்கள். பனி உருகி மறுபடி விழுவதற்குள் கிடைக்கிற சில மாதங்களில்தான் வேலை செய்ய முடியும். 1936-இல் பத்தடிக்குப் பத்தடி அளவில் ஒரு கல் அறை எழுந்தது. 1937-இல் குரு கிரந்த் சாகிப் அங்கே கொண்டுபோய் வைக்கப்பட்டது.

இந்தக் கடைசி வரியின் பாரம் அந்த மலைப்பாதையைப் பார்த்தால்தான் தெரியும். அலக்நந்தா ஓரத்தில் இருக்கிற கோவிந்த்காட்டிலிருந்து லட்சுமண கங்கையை ஒட்டி மேலே ஏற வேண்டும். காங்கரியா போய்ச் சேர்வதற்குள் மூச்சு வாங்கிவிடும். அங்கே மோதன் சிங் ஒரு பெரிய மரப்பொந்தில் தங்கியிருந்தார் என்று சொல்வார்கள். காங்கரியாவுக்கு மேலே ஆறு கிலோமீட்டர்தான். அந்த ஆறு கிலோமீட்டரில் ஆயிரம் மீட்டருக்கும் மேல் ஏறியாக வேண்டும். தேவதாரு மரங்கள் குறைந்து, பிறகு இல்லாமலே போகும். அட்லாகோடியில் பனியாற்றைக் கடக்க வேண்டும். காற்று மெலிந்து பத்தடிக்கு ஒருமுறை நிற்க வைக்கும். ஓரத்துப் பாறைகளில் பிரம்மகமலம் பூத்திருக்கும். இன்று கல் பாவிய பாதை, கோவேறு கழுதை, டோலி, தேநீர்க் கடை எல்லாம் உண்டு. 1937-இல் மனிதர்களின் தலையும் காலும்தான் இருந்தன.

அந்தச் சிறு அறைக்குப் பதிலாக இப்போது கவிழ்த்த தாமரை வடிவக் கூரையோடு பெரிய குருத்வாரா நிற்கிறது. 1960-களில் தொடங்கிய அந்தக் கட்டுமானத்துக்கான இரும்பும் கல்லும் இதே பாதையில் ஏறி வந்தவை. பக்கத்திலேயே, இங்கே தவம் செய்ததாக ஊர்க்காரர்கள் நம்பும் லட்சுமணனுக்கான சிறு கோயிலும் இருக்கிறது. ஒன்று வந்ததால் மற்றொன்று போய்விடவில்லை.

ஒவ்வோர் ஆண்டும் அக்டோபரில் குருத்வாராவை மூடுவார்கள். கோடை வரும்போது ராணுவ வீரர்கள் முதலில் போய், ஆள் உயரத்துக்கு மேல் கிடக்கும் பனியை வெட்டிப் பாதை திறக்கிறார்கள். திறப்பு நாளில் ஐந்து அன்பர்கள், அதாவது பஞ்ச பியாரே, காவி உடையில் வாளேந்தி முன்னே நடக்க, குரு கிரந்த் சாகிப் துயிலறையிலிருந்து தலைமேல் தர்பார் மண்டபத்துக்கு வருகிறது. அதன் பிறகே அந்த ஆண்டின் யாத்திரை. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் சில மாதங்களில் வந்து போகிறார்கள். ஏரியின் பனித் தண்ணீரில் முங்குகிறார்கள். லங்கரில், அதாவது பொது உணவுக்கூடத்தில், சூடான கிச்சடியும் தேநீரும் வாங்கிச் சாப்பிடுகிறார்கள். இரவு தங்க அனுமதி இல்லாததால் பிற்பகலில் இறங்கத் தொடங்குகிறார்கள். கோவிந்த்காட்டிலிருந்து ஹேம்குண்டுக்கு 12.4 கிலோமீட்டர் ரோப்கார் அமைக்க 2025 மார்ச்சில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. மதிப்பீடு 2,730 கோடி ரூபாய். ஏற முடியாத முதியவர்களுக்கு அது பெரிய உதவியாக இருக்கும்.

இங்கே ஒரு கேள்வி எழும். மனத்து அழுக்கைத் தீர்த்தத் தண்ணீர் கழுவாது, உண்மையான தீர்த்தம் உள்ளே இருக்கிறது என்று இந்த நூலே திரும்பத் திரும்பச் சொல்கிறது. அப்படிச் சொல்கிற நூலைத் தூக்கிக்கொண்டு ஏன் ஏரிக்கு ஏற வேண்டும்?

எனக்குப் பதில் தர்பார் மண்டபத்துக்குள் இருக்கிறது. குளித்து முடித்தவர்கள் அங்கே போய்த் தரையில் உட்காருகிறார்கள். கட்டணம் கட்டி முன்வரிசை வாங்க முடியாது. கிரந்தி நூலைத் திறக்கிறார். கை விழுந்த இடத்தில் வருகிற பாடலே அன்றைய ஆணை. குருநானக் பேசலாம். கபீர் பேசலாம். ரவிதாஸ் பேசலாம். தோல் வேலை செய்தவர் என்பதற்காகத் தாழ்ந்தவர் என ஒதுக்கப்பட்ட ஒரு மனிதனின் சொல், பட்டுத் துணிமேல், சாமரம் வீசப்பட வீற்றிருக்கிறது. கேட்பவர்கள் நெற்றி தரையில் படக் கும்பிடுகிறார்கள். மலை ஏறியது இதைக் கேட்கத்தான்.

1920 அக்டோபர் 12-ஆம் தேதி இந்தச் சமத்துவம் சோதனைக்கு வந்தது. ஒடுக்கப்பட்ட சாதிகளிலிருந்து சீக்கியரானவர்கள் பிரசாதத்தோடு பொற்கோயிலுக்குப் போனார்கள். பூசாரிகள் ஏற்க மறுத்தார்கள். வாக்குவாதம் முற்றி, குருவையே கேட்டுவிடுவோம் என்று நூலைத் திறந்தார்கள். தகுதியில்லாதவரையும் இறைவன் மன்னித்துக் குருவின் தொண்டில் சேர்க்கிறான் என்ற பொருளில் பாடல் வந்தது. பிரசாதம் ஏற்கப்பட்டது. அன்றைய கொந்தளிப்பிலிருந்து அடுத்த மாதமே பிறந்த சிரோமணி குருத்வாரா பிரபந்தக் கமிட்டிதான் இன்று ராம்சரில் இந்த நூலை அச்சிடுகிறது.

இந்த நாட்டில் தலைச்சுமை என்பது சில சாதிகளின் தலையெழுத்தாக இருந்தது. அந்த நிலத்திலேயே எந்தக் குலத்தவரும் ஒரு நெசவாளியின், ஒரு செருப்புத் தொழிலாளியின் சொல்லைத் தலையில் ஏற்றி வெறுங்காலோடு நடக்கும்படி குரு அர்ஜன் செய்தார். பஞ்சாபின் பல கிராமங்களில் சாதிக்கு ஒரு குருத்வாரா இன்றும் இருக்கிறது. இதை மறைக்க வேண்டியதில்லை. தலையில் வைத்ததை மனத்திலும் வைத்துக்கொண்டு தன் ஊருக்கு, தன் தெருவுக்குத் திரும்புகிறவரே இந்த யாத்திரையை முடித்தவர். ஹேம்குண்டின் பனிப்படிகளைவிட அந்தக் கடைசித் தெரு கடினமானது. குரு அர்ஜன் நூலைக் கட்டி எழுப்பியது அந்தத் தெருவைக் கடப்பதற்காகவே என்று நான் உறுதியாக நம்புகிறேன்.